மூன்றாம் தொட்டியில் நாற்பத்தைந்து நிமிடம்

அந்தத் தொழிற்சாலையில் அவரைக் கசப்பண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வருகிறவர்கள் ஆள் பெரிய சிடுமூஞ்சி போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். நேரில் பார்த்தால் ஏமாந்துபோவார்கள். மூக்கில் ஈ உட்கார்ந்தால்கூட, அதுவாகக் கிளம்பட்டும் என்று பொறுத்திருக்கிற ரகம் அவர். அந்தப் பெயர் குணத்தால் வரவில்லை, வேலையால் வந்தது.

பாலிலிருந்து பிரித்தெடுத்த புரதம் அங்கே மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். வெள்ளை மாவு மாதிரி இருக்கும். ஆள் உயரத்தைப்போல மூன்று மடங்கு உயரமுள்ள எஃகுத் தொட்டிகளில் வெந்நீர் விட்டு அதைக் கரைப்பார்கள். அதில் என்சைமைச் சேர்த்து, சூடு ஏறாமலும் இறங்காமலும் மணிக்கணக்கில் கலக்கிக்கொண்டே இருப்பார்கள். நம் வயிறு செய்கிற வேலையைத்தான் அந்தத் தொட்டியும் செய்கிறது. சங்கிலி மாதிரி நீளமாக இருக்கிற புரதத்தை என்சைம் துண்டு துண்டாக நறுக்கிக்கொண்டே போகும். நறுக்க நறுக்கக் கரைசல் புளிக்கத் தொடங்கும். அதனால் அவ்வப்போது புளிப்பை முறிக்கிற காரக் கரைசலைக் கொஞ்சம் விட்டுச் சரிக்கட்ட வேண்டும். போதும் என்கிற கட்டம் வந்ததும் ஸ்டீமைத் திறந்து கொதிக்கிற அளவுக்குக் கொண்டுபோனால் என்சைம் செத்துவிடும், நறுக்கலும் நின்றுவிடும். அப்புறம் வடிகட்டி, சுண்டவைத்து, உலர்த்தினால் இளமஞ்சள் நிறத்தில் ஒரு பொடி கிடைக்கும்.

அந்தப் பொடியை மனிதர்கள் யாரும் சாப்பிடுவதில்லை. கிருமிகளை வளர்த்துப் பார்க்கிற மருத்துவமனைச் சோதனைக்கூடங்களும், மருந்துக்காகவும் தடுப்பூசிக்காகவும் செல்களை வளர்க்கிறவர்களும் பீப்பாய் பீப்பாயாக வாங்கிப்போவார்கள். மெல்லுவதற்கு வாயில்லாத உயிர்கள் அவை. நறுக்கிக் கொடுத்தால்தான் உண்ணும்.

இந்த நறுக்கலில் ஒரு விசேஷம், பால் கசந்துபோகும். மீட்டர்கள் எல்லாம் வராத காலத்தில் நம்மவர் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்ப்பார். கசப்பு ஏறுகிறதா, உச்சத்தில் நிற்கிறதா, இறங்கத் தொடங்கிவிட்டதா என்று சொல்லிவிடுவார். "இன்னும் அரை மணி நேரம் போகட்டும்" என்பார். சோதனைக்கூடத்தின் முடிவு ஒரு மணி நேரம் கழித்து வந்து அதையே சொல்லும். பிறகு சுத்தம், சுகாதாரம் என்று சட்டங்கள் வந்தன. தொட்டியிலிருந்து எதையும் வாயில் வைக்கக் கூடாது என்றாயிற்று. நாக்குக்கு வேலை போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

இருபத்தாறு வருஷம் தொட்டிகளோடு கழித்தவர் அவர். ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு தாள் உண்டு. என்சைம் சேர்த்தது எத்தனை மணிக்கு, காரம் விட்டது எத்தனை மணிக்கு, ஸ்டீம் திறந்தது எத்தனை மணிக்கு என்று எல்லாவற்றையும் கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவருடைய எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். வேறு ஆலைகளிலிருந்து சோதனைக்கு வருகிற அதிகாரிகளிடம், தர மேலாளர் முதலில் எடுத்து நீட்டுவது கசப்பண்ணனின் தாளைத்தான்.

தர மேலாளரும் அவரும் ஒரே வருஷத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கசப்பண்ணன் அவரை அலுவலகத்தில் "சார்" என்பார், சாப்பாட்டு மேசையில் "நீ" என்பார்.

கசப்பண்ணனின் மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். ஊரே கேட்ட குரல். வீட்டிலும் அந்த வாய் ஓயாது. பக்கத்து வீட்டுப் பூனையிலிருந்து மேலதிகாரியின் புது மூக்குக்கண்ணாடி வரைக்கும் எல்லாச் செய்தியும் அவர் வழியாகத்தான் வீட்டுக்குள் வரும். கசப்பண்ணனுக்கு 'ம்' கொட்டுகிற வேலை மட்டும்தான். அதையும் சில நாள் மறந்துவிடுவார்.

ஒருநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்த அம்மையார் அப்படியே சரிந்துவிட்டார். மூளையில் இரத்தக்குழாய் அடைப்பு. செயலிழந்த வலது காலும் கையும் மெல்ல மெல்லத் திரும்பின. பேச்சு மட்டும் திரும்பவில்லை. சொல்வதெல்லாம் புரியும், சிரிப்பு வரும், கோபம் வரும், வார்த்தை மட்டும் வராது. தொண்டைவரை வந்து நிற்பது எதிரே இருப்பவர்களுக்கே தெரியும்.

பகலில் மனைவியின் தங்கை வந்து துணைக்கு இருந்தாள். மாலையில் அவர்கள் இரண்டு பேர் மட்டும். இருபத்தெட்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்த மனிதர், இப்போது தானே பேச வேண்டியதாயிற்று. பேசி அவருக்குப் பழக்கமில்லை. வேறென்ன சொல்வது, தொட்டிகளைப் பற்றித்தான் சொன்னார். "இன்னைக்கு ரெண்டாம் தொட்டி ஒரே நுரை. பொங்கி மேல வந்துருச்சு. அடக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு." அந்த அம்மாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். சில சமயம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். இந்த ஆளுக்கு இவ்வளவு பேசத் தெரியுமா என்கிற சிரிப்பு.

இப்படி ஏழு மாதம் போயிற்று.

அன்றைக்கு மூன்றாம் தொட்டியில் அவர் என்சைம் சேர்த்தது காலை ஒன்பது நாற்பதுக்கு. ஐந்து மணி நேரக் கணக்கு. பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு ஸ்டீமைத் திறக்க வேண்டும். இரண்டேகாலுக்கு அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. "அண்ணே, உங்க வீட்டிலேருந்து போன். உடனே பேசணுமாம்."

தொட்டிக் கூடத்துக்குள் கைப்பேசிக்கு அனுமதியில்லை. உடை மாற்றும் அறைக்கு ஓடினார். பெட்டியின் பூட்டைத் திறக்க இரண்டு தடவை தவறினார்.

"அத்தான், பயப்படாதீங்க. ஒண்ணும் இல்ல" என்றாள் மச்சினி. "பேச்சுப் பயிற்சி டீச்சர் வந்திருக்காங்க. அக்காகிட்ட குடுக்கறேன், இருங்க."

மூச்சுச் சத்தம் கேட்டது. நீண்ட நேரம் மூச்சு மட்டும்தான். பிறகு, கரகரவென்று, பாதி உடைந்து:

"கதவு."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னம்மா?"

"கதவு."

வீட்டின் பின்கதவைத் தாழ் போடாமல் வேலைக்குக் கிளம்பிவிடுவது அவருடைய வழக்கம். கல்யாணமான மறுநாள் தொடங்கிய சண்டை அது. ஏழு மாதமாக அதைச் சொல்ல முடியாமல் அந்த அம்மாள் உள்ளுக்குள்ளேயே வைத்துப் புழுங்கியிருக்கிறார்.

"இன்னைக்கும் திறந்து போட்டுட்டு வந்துட்டேனா?"

"கதவு" என்றார் மூன்றாம் தடவை. பழைய கோபம் அப்படியே இருந்தது.

கசப்பண்ணன் அங்கே கிடந்த மரப்பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் டீச்சரின் குரல் கேட்டது. "இன்னொண்ணு சொல்லுங்க. அவர் பேரைச் சொல்லிப் பார்க்கலாமா? சொல்லுங்க." பெயர் வரவில்லை. தண்ணீர் வரவில்லை, விளக்கு வரவில்லை. கதவுதான் வந்தது. அவர் இந்தப் பக்கம் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும், "ஆமா, தப்புத்தான். இனிமே மூடிடறேன். இன்னொரு தடவை சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பதினொரு தடவை சொன்னார் அந்த அம்மாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபோது மணி மூன்றேகால். கவசத்தையும் தொப்பியையும் திரும்ப மாட்டிக்கொண்டு தொட்டிக்குப் போய் ஸ்டீம் வால்வைத் திருகியபோது மூன்று இருபத்தைந்து. நாற்பத்தைந்து நிமிடம் கூடுதல்.

தாளில் உண்மையை எழுதினால் அந்தச் சரக்கு முழுவதையும் நிறுத்திவைப்பார்கள். ஏன் கூடத்தை விட்டுப் போனாய், யாரிடம் சொல்லிவிட்டுப் போனாய் என்று கேள்விகள் வரும். கொட்டிவிடவும் நேரலாம். அவர் 2.40 என்று எழுதினார். எழுத்து வழக்கம்போல அச்சடித்த மாதிரியே விழுந்தது. கொஞ்சம் நடுங்கியிருந்தாலாவது மனசுக்குத் தேவலையாக இருந்திருக்கும் என்று பின்னாளில் அவர் நினைத்துக்கொண்டதுண்டு.

சோதனைக்கூடம் பரிசோதித்தது. நறுக்கல் அளவு வரம்புக்குள்தான் இருந்தது, ஆனால் மேல் விளிம்பை ஒட்டி. சரக்கு போய்ச் சேர்ந்தது.

நான்கு மாதம் கழித்து ஒரு பெண்மணி வந்தார். குழந்தைகளுக்கான தடுப்பூசி ஒன்றுக்காகச் செல் வளர்க்கிற இடத்தின் ஆராய்ச்சியாளர். நாற்பது வயதிருக்கும். குட்டை முடி, மணிக்கட்டில் பேனா மையால் ஏதேதோ எண்கள். தர மேலாளர் அவரைத் தொட்டிக் கூடத்துக்குக் கூட்டிவந்தார்.

"எங்க செல்லுங்க ரொம்ப வீம்பு பிடிச்சதுங்க, அண்ணே" என்று அவர் கசப்பண்ணனிடமே நேராகப் பேசினார். "என்ன குடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கும். உங்க இடத்திலேருந்து வந்த ஒரே ஒரு பேட்ச் பொடி மட்டும் போட்டதும் அப்படி வளர்ந்துதுங்க. எப்பவும் விட ஒண்ணரை மடங்கு. நாலு நாள் கூடுதலா உயிரோட இருந்துதுங்க. அதுக்கப்புறம் வந்த மூணு பேட்சும் பழைய கதைதான். அந்த ஒண்ணுல என்ன செஞ்சீங்கன்னு கண்டுபிடிக்கத்தான் வந்திருக்கேன்."

அவர் கையிலிருந்த தாளைக் கசப்பண்ணன் எட்டிப் பார்த்தார். மூன்றாம் தொட்டி. தேதி அதேதான்.

ஒரு வாரம் தேடினார்கள். புரதம் எந்தப் பண்ணையிலிருந்து வந்தது, அந்த மாதம் மாடுகள் என்ன தின்றன, தண்ணீர் வடிகட்டி எப்போது மாற்றப்பட்டது, என்சைம் எந்தப் புட்டியிலிருந்து வந்தது என்று எல்லாவற்றையும் தோண்டித் துருவினார்கள். கசப்பண்ணன் கேட்டதை எல்லாம் எடுத்துக் கொடுத்தார். மதியச் சாப்பாடு இறங்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த மேலாளர், "உடம்புக்கு முடியலையா உனக்கு?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, வெயில்" என்றார். அன்று மழை பெய்துகொண்டிருந்தது.

வாரக் கடைசியில் அந்த ஆராய்ச்சியாளர் தாள்களை எல்லாம் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு அவரை அழைத்தார்.

"எனக்கு இந்த ஒரு வாரத்துல நிம்மதியா இருந்த ஒரே விஷயம் உங்க தாள்தான், அண்ணே. ஒரு நிமிஷம் பிசகல. அதனால தொட்டியை விட்டுட்டோம். புரதம் சப்ளை பண்றவங்களை மாத்திப் பார்க்கப்போறோம். ஒவ்வொண்ணா வளர்த்துப் பார்க்கணும், ஒண்ணுக்கு ஆறு வாரம் ஆகும். வருஷம் ஓடிடும். என்ன செய்யறது."

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். நம்மவருக்கு அது சுருக்கென்று தைத்தது.

மாலையில் வீட்டுக்குப் போனதும் சட்டையைக்கூட மாற்றாமல் மனைவியின் எதிரே உட்கார்ந்து முழுவதையும் சொன்னார். போன் வந்தது, பெஞ்சில் உட்கார்ந்தது, பொய் எழுதியது எல்லாவற்றையும். அந்த அம்மாளுக்கு இதற்குள் அறுபது வார்த்தைகள் வரை சேர்ந்திருந்தன. டீச்சர் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்கிற வார்த்தை ஒன்று அவற்றில் முதல் வரிசையில் இருந்தது.

"சொல்லு" என்றார்.

"சொன்னா வேலை போனாலும் போயிடும்."

"சொல்லு."

"எதுக்காகப் போனேன்னு கேப்பாங்க. என் பொண்டாட்டி கதவைச் சாத்தச் சொன்னா, அதான் போனேன்னு சொல்லவா?"

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டி, "சொல்லு" என்றார் மறுபடியும்.

திங்கட்கிழமை காலை மேலாளரின் அறையில், அவர் முன்னாலும் ஆராய்ச்சியாளர் முன்னாலும் நின்றுகொண்டே சொன்னார். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

"அந்தத் தாள்ல இருக்கிற ரெண்டு நாற்பது பொய், சார். ஸ்டீம் திறந்தது மூணு இருபத்தஞ்சுக்கு. நான் கூடத்துல இல்ல."

மேலாளர் பேனாவை மூடி வைத்தார். "இருபத்தாறு வருஷத்துல எத்தனை தடவை இப்படி எழுதியிருக்கே?"

"இது ஒண்ணுதான்."

"அதை நான் எப்படி நம்பறது? இத்தனை வருஷமா உன் தாளைக் காட்டித்தானே நான் எல்லார்கிட்டயும் பேசிட்டிருக்கேன்."

அந்தக் கேள்வி நியாயமானது என்று அவருக்கே தெரிந்தது.

ஆராய்ச்சியாளர்தான் மெல்லக் கேட்டார். "எங்க போயிருந்தீங்க, அண்ணே?"

சொன்னார். சுருக்கமாகத்தான் சொன்னார். ஆராய்ச்சியாளர் தன் மணிக்கட்டில் '45' என்று எழுதிக்கொண்டார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எச்சரிக்கைக் கடிதம் மதியமே தயாரானது. மூன்று மாதத்துக்குத் தொட்டிப் பக்கம் போகக் கூடாது, பொதி கட்டும் பிரிவில் வேலை. மேலாளர் கடிதத்தை நீட்டிக்கொண்டே சொன்னார்: "உன் வீட்டுக்காரம்மா பேசினாங்கன்னு அன்னைக்கே வந்து சொல்லியிருந்தா, நானே உன்னை வீட்டுக்கு அனுப்பிவச்சிருப்பேன். தொட்டியை நானே பார்த்துக்கிட்டிருப்பேன். இப்ப என் கையில ஒண்ணும் இல்ல. கையெழுத்துப் போடு."

போட்டார். மறுநாள் சாப்பாட்டு மேசையில் எப்போதும்போல எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மேலாளர் தன் டப்பாவிலிருந்த வேகவைத்த முட்டையில் பாதியை வெட்டி இந்தப் பக்கம் தள்ளினார்.

பீப்பாய்களுக்கு மூடி போட்டு முத்திரை ஒட்டுகிற வேலையில் அவர் காலம் ஓடியது. வேறொருவர் மூன்றாம் தொட்டியை ஐந்தே முக்கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்தார். பொடி போயிற்று. ஆறு வாரம் கழித்து ஆராய்ச்சியாளர் நேரே பொதிப் பிரிவுக்கே வந்தார். முகத்தைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது.

"வரலை, அண்ணே. கொஞ்சம் பரவாயில்லை. ஆனா அது இல்ல இது."

கசப்பண்ணன் கையிலிருந்த மூடியைக் கீழே வைத்தார். அன்றைய பிற்பகலை முதலிலிருந்து நினைத்துப் பார்த்தார். ஒன்பது நாற்பது, என்சைம். முக்கால் மணிக்கு ஒரு தடவை காரம். இரண்டு மணிக்குக் கடைசியாக விட்டது. அப்புறம்தான் ஓடினார்.

"இப்ப ஓட்டினவர் கடைசி வரைக்கும் காரம் விட்டாரா?"

"விட்டார். தாள்ல இருக்கு. ஒழுங்கா விட்டிருக்கார்."

"அதுதாங்க. அன்னைக்கு விட ஆளே இல்லையே. நான்தான் அங்க பேசிட்டிருந்தேனே. ரெண்டு மணியிலேருந்து அது பாட்டுக்குப் புளிச்சிருக்கும்."

ஆராய்ச்சியாளர் அவரை வெறித்துப் பார்த்தார். "புளிச்சா என்சைம் வேற மாதிரி நறுக்கும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அப்படியே திரும்பி, ஓட்டமும் நடையுமாக மேலாளரின் அறைக்குப் போனார்.

இரண்டாம் தடவை ஓட்டியபோது, கடைசி ஒன்றரை மணி நேரம் தொட்டியை யாரும் தொடவில்லை. அந்தப் பொடி போய் ஐந்தாம் வாரமே தகவல் வந்துவிட்டது. அதே வளர்ச்சி, அதே கூடுதல் நான்கு நாள். ஒரு தடவைக்கு மூன்று தடவை செய்து பார்த்தாகிவிட்டது என்றார்கள். செய்முறைத் தாள் புதிதாக அச்சானது. அதில் யாருடைய பெயரும் இல்லை. அப்படி இருக்கவும் கூடாது என்றுதான் அவரும் நினைத்தார். எச்சரிக்கைக் கடிதம் கோப்பிலேயே இருந்தது, அதை யாரும் எடுக்கவில்லை. மூன்று மாதம் முடிந்த அன்று அவர் திரும்பவும் தொட்டிக் கூடத்துக்குள் போனார். உள்ளே இருந்தவர்கள், "வாங்கண்ணே" என்று ஒரு நாள் விடுப்பு முடிந்து வந்தவரை அழைக்கிற மாதிரியே அழைத்தார்கள்.

அதற்கடுத்த மாதம் ஆராய்ச்சியாளர் கசப்பண்ணனையும் மனைவியையும் தன் இடத்துக்கு அழைத்தார். "ரெண்டு பேரும் வரணும். அக்கா கட்டாயம் வரணும்" என்று சொல்லியிருந்தார்.

வெள்ளை அங்கி, தலைக்கு உறை, காலுக்கு உறை என்று எல்லாவற்றையும் மாட்டிக்கொள்ளவே கால் மணி நேரம் ஆயிற்று. அந்த அம்மாளின் வலது கை அங்கிக்குள் நுழைய அடம் பிடித்தது. கசப்பண்ணன் பொறுமையாக விரல் விரலாக நுழைத்துவிட்டார். உள்ளே வெதுவெதுப்பான ஓர் அறை. வரிசை வரிசையாகக் கண்ணாடிக் குடுவைகள் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. அவற்றில் தேநீர் வடித்த மாதிரி ஒரு திரவம். ஆராய்ச்சியாளர் அதில் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தார். முதலில் அந்த அம்மாளைத்தான் உட்காரவைத்தார்.

அம்மாள் கண்ணை வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் அசையவே இல்லை. பிறகு வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிற மாதிரி கேட்டார்.

"எத்தனை... பேரு?"

"இந்தச் சொட்டுல மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல இருப்பாங்க, அக்கா."

"பசி?"

"எப்பவும் பசிதான். நிறுத்தாம சாப்பிட்டுட்டே இருப்பாங்க."

அந்த அம்மாள் திருப்தியாகத் தலையசைத்தார். எழுந்து கணவருக்கு இடம் விட்டார்.

இருபத்தாறு வருஷமாகச் சமைத்துப்போட்ட கைக்கு, சாப்பிடுகிறவர்களை அன்றுதான் பார்க்கக் கிடைத்தது. கண்ணாடி மணிகள் மாதிரி உருண்டையாக, உள்ளே வெளிச்சம் ஏற்றிவைத்தது மாதிரி கிடந்தன. சில இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டிருந்தன. "அது பிரிஞ்சு ரெண்டாகப் போகுது" என்றார் ஆராய்ச்சியாளர் பக்கத்தில் நின்று. ஒன்றை மட்டும் கசப்பண்ணன் குறி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் இடுப்பு கொஞ்சம் ஒடுங்கியிருந்தது. பிரிகிறதா, இன்னும் இல்லையா என்று தெரியவில்லை. பிரிந்துவிட்டால் எழுந்துவிடலாம் என்று உட்கார்ந்திருந்தார்.

அதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம் என்று ஆராய்ச்சியாளர் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அந்த அம்மாள் பின்னாலிருந்து அவர் அங்கியைப் பிடித்து இழுத்தார்.

"நகரு" என்றார். "நான்."

கசப்பண்ணன் நகர்ந்து உட்கார்ந்தார்.